இன்டர்நெட்டுக்கு மனு போட்ட பெறுநர்

உலகத்தில் எத்தனை கோடிப் பேர் இன்டர்நெட்டைப் பயன்படுத்தியிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முறைப்படி மனு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கீழே "நகல், தக்க நடவடிக்கைக்காக" என்றும் சேர்த்து அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் வேங்கிக்கால் பெறுநர்தான். இதில் வேறு யாராவது போட்டிக்கு வருவதாக இருந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெறுநர் என்பது அவருடைய பெயர் இல்லை. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே புங்க மரத்தடியில் ஒரு மடக்கு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்டாம்ப் பேடு வைத்துக்கொண்டு மனு எழுதிக்கொடுப்பது அவர் தொழில். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, பக்கத்து வீட்டுக்காரன் வாய்க்காலை அடைத்தது என்று எது கேட்டாலும் எழுதுவார். திங்கட்கிழமை மனு நாள். அன்றைக்குக் காலையிலேயே மேஜையைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். முப்பது வருடம் அதையே எழுதி எழுதி மனிதருக்குப் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. டீக்கடையில் போய் நின்றால், "பெறுநர், டீ மாஸ்டர் அவர்கள். பொருள், டீ ஒண்ணு. பார்வை, நேத்து நீ குடுத்த டீ. அது தண்ணியா இருந்துச்சுப்பா" என்பார். பஸ்ஸில் ஏறினால், "பெறுநர், கண்டக்டர் அவர்கள்." ஊரே அவரைப் பெறுநர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்த்தார்.

நான் அப்போது அவர் மரத்துக்கு எதிர்வரிசையில் இருந்த பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். பிளைவுட் தடுப்பு வைத்த எட்டு கேபின், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப்போட்ட திரை, கரண்ட் போனால் கீக்கீ என்று கத்தும் ஒரு யு.பி.எஸ். எனக்கு இயல்பிலேயே வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. அந்த வருடம் பொறுமை சுத்தமாக இல்லை. காரணம் வீட்டில் இருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டியில் எடை பார்த்தவர். வெள்ளை வேட்டியை விறைப்பாகக் கட்டிக்கொண்டு அவர் மண்டிக்குக் கிளம்பினால், எலெக்‌ஷனில் நிற்கப் போகிறாரா என்று கேட்பார்கள். இப்போது வலது கை சுத்தமாக வேலை செய்யவில்லை. வலது காலை இழுத்து இழுத்து வைப்பார். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தினமும் வெளிய போய் நல்லா நடக்கணும். நடக்கலன்னா கால் இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் வாரம் நடந்தார். இடது கையால் வேட்டியை எப்படியோ செருகிக்கொண்டு போனார். ரேஷன் கடை வாசலில் அது அவிழ்ந்து விழுந்துவிட்டது. வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் ஓடி வந்து எடுத்துக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், ஏழு மாதம் வாசலைத் தாண்டவில்லை.

பேண்ட் வாங்கி வந்தேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கு வேஷம்?" என்றார். பச்சை பெல்ட் வாங்கி வந்தேன். அதை மாட்ட இரண்டு கை வேண்டும். அம்மா கட்டிவிடுகிறேன் என்றாள். "என் இடுப்புல நானே துணி கட்ட முடியலன்னா, அப்புறம் வெளிய போய் என்னா கிழிக்கப்போறேன்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு ஒட்டிக்கிற வேட்டி கடைகடையாகத் தொங்குகிறது. அப்போது ஏது? அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே அவர் காலை இழுக்கும் சத்தம் மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் எரிந்து விழுவேன், அதுதான் என் சுபாவம்.

இந்த நிலைமையில்தான் பெறுநர் ஒருநாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, இங்க இன்டர்நெட்டுக்கு யாரு பொறுப்பு அதிகாரி?"

"அப்படியெல்லாம் யாரும் இல்ல சார். உங்களுக்கு என்னா வேணும்?"

"எது கேட்டாலும் பதில் சொல்லுதாமே. என் டிரங்குப் பெட்டியில கரையான் வந்துடுச்சு. முப்பது வருஷத்து மனு நகல் அத்தினியும் அதுலதான் இருக்குது."

யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று ஒரு இங்கிலீஷ் தளம் இருந்தது. அதைத் திறந்து காட்டினேன். சமையல், தோட்டம், மோட்டார், குழந்தை வளர்ப்பு, மீன்பிடி, உடல்நலம் என்று பகுதி பகுதியாக இருக்கும்.

"இவங்கள்லாம் எந்த டிபார்ட்மென்ட்டு?"

"டிபார்ட்மென்ட்லாம் கிடையாது சார். எங்கயோ இருக்கிற ஜனங்க. யாரு என்னான்னே தெரியாது."

"சம்பளம்?"

"கிடையாது."

"அப்போ எதுக்குப் பதில் சொல்றாங்க?"

"சும்மாதான் சார். தெரிஞ்சத சொல்றாங்க."

"கையெழுத்து இல்ல, சீல் இல்ல, சும்மா பதில் சொல்றாங்களா? அப்போ நாம்ப மரியாதையா எழுதணும்மா" என்றார்.

மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. மனு இங்கிலீஷ் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கீபோர்டில் ஏ-க்குப் பக்கத்தில் பி-யைக் காணாமல் மிரண்டுபோய் என்னை அடிக்கச் சொன்னார். பெறுநர், உயர்திரு இன்டர்நெட் பெருமக்கள் அவர்கள். பொருள், கரையான் ஒழிப்பு, ஆலோசனை வேண்டுதல், தொடர்பாக. ஐயா, அம்மா, வணக்கம். கடைசியில், இந்த உதவிக்கு நானும் என் குடும்பமும் என்றென்றும் கடமைப்பட்டவர்களாவோம். ரேஷன் கார்டு நகலையும் இணைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "ஆதாரம் இல்லாம எவன் நம்புவான்?" அதை மட்டும் நான் மல்லுக்கட்டித் தடுத்தேன்.

"இப்போ நகல் போடும்மா" என்றார். "மோட்டாருக்கு ஒண்ணு, சமையலுக்கு ஒண்ணு, குழந்தைக்கு ஒண்ணு, மீன்பிடிக்கு ஒண்ணு."

"கரையானுக்கும் மீன்பிடிக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்குதா இல்லையான்னு வாங்குறவங்க முடிவு பண்ணட்டும். நகல் போடாத மனு மனுவே இல்லம்மா."

எல்லாப் பகுதியிலும் போட்டேன். மறுநாள் பதில்கள் வந்திருந்தன. பெட்டியை வெயிலில் போடு, அதை வைக்கிற பெஞ்சின் கால்களை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்து என்று தோட்டக்காரர்கள் சொன்னார்கள். மோட்டார்காரர்கள் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசச் சொன்னார்கள். மீன்பிடிக்காரர்கள், கரையான் தூண்டிலுக்கு அருமையான இரை, கிடைத்தால் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். "மீன்பிடித் துறை கேக்குதே, ஒரு பார்சல் போடலாமா?" என்று நிஜமாகவே யோசித்தார்.

ஒரே கேள்வியைப் பத்து இடத்தில் போடக்கூடாது என்று அந்தத் தளத்தை நடத்தியவர் கண்டித்து எழுதினார். பெறுநர் ஆடிப்போய்விட்டார். உடனே மன்னிப்பு மனு ஒன்று தயாரானது. அதற்கும் எல்லாப் பகுதிக்கும் நகல் போனது.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பதில் வாங்கியவர்கள் யாரும் திரும்பிப் போய் என்ன ஆனதென்று சொல்வதில்லை. இவர் சொல்வார். மேற்கொண்ட நடவடிக்கை இன்னது, மண்ணெண்ணெய் பலன் தந்தது, கரையான் அகன்றது, நன்றி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வைப்பார். என் விரல் ஒடிந்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர்களும் பொருள், பார்வை என்று போட்டே பதில் எழுத ஆரம்பித்தார்கள்.

அப்புறம் வந்தது அவர் வீட்டம்மா விவகாரம். ஏதோ சண்டையில் அந்த அம்மா இவரோடு பேச்சை நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இவர் வீட்டிலேயே வெள்ளைத்தாளில் மன்னிப்பு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா அதன் மேல் பால் சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

"பொருள், மனைவி பேசாமை. நிவாரணம் வேண்டுதல்" என்று சொல்லச் சொல்ல அடித்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதில்கள் கொட்டின. பூ வாங்கு, என்ன குறை என்று நேரில் கேள், பேசாமல் போய்ப் பாத்திரத்தைக் கழுவு.

"நேர்ல கேக்கறதா?" என்று முகம் வெளுத்தார். பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"என்னா சார், பேசினாங்களா?"

"பேசினாம்மா. முப்பது வருஷமா எண்ணெய் பழகின தோசைக்கல்ல சோப்பு போட்டுத் தேய்ச்சி வெள்ளையாக்கி வெச்சிட்டேன். அத்த பாத்துட்டுப் பேச ஆரம்பிச்சா, இன்னும் நிறுத்தல."

"மனைவி பேசத் தொடங்கிவிட்டார், அளவு மட்டும் ஜாஸ்தி" என்று அறிக்கை போனது. கூடவே தோசைக்கல்லை மீட்பது எப்படி என்று புது மனுவும் போனது. உப்பும் எண்ணெயும் போட்டுச் சூடாக்கச் சொல்லி நாலு தேசத்திலிருந்து பதில் வந்து, தோசை மறுபடி ஒட்டாமல் எழுந்தது.

இப்படி ஒருநாள் அவர் எதையோ சொல்ல, நான் ஒன்றுமில்லாததற்கு அவர்மேல் பாய்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, இன்னிக்கு சூடு ஜாஸ்தியா இருக்குது?" என்றார்.

அன்று காலையில் அப்பா கட்டிலில் இருந்து எழுந்திருக்க இரண்டு தடவை முயற்சி செய்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வேட்டி, ரேஷன் கடை, இறுகிக்கொண்டிருக்கும் கால், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அடிம்மா. பெறுநர்..."

"வேணாம் சார். எங்கப்பா மானம் போன கதைய ஊருக்கெல்லாம் படிச்சிக் காட்டணுமா? இத்தோட விட்டுடுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று நாள் வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. கடைசி கேபினில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து டொக், டொக் என்று ஒற்றை விரலில் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. சீட்டாட்டம் விளையாடப் பழகிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பிரின்ட் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மேலே இருந்தது அவரே அடித்த இங்கிலீஷ் மனு. பொருள், மானமுள்ள ஒருவர் ஒரே கையால் வேட்டி கட்டிக்கொள்வது தொடர்பாக. வேட்டி என்பது தையல் இல்லாத, பொத்தான் இல்லாத, நாடா இல்லாத நீளமான வெள்ளைத் துணி, கடவுள் அருளாலும் ஒரு செருகலாலும் இடுப்பில் நிற்பது என்று விளக்கம் வேறு. பாதிக்கப்பட்டவர், என் நெருங்கிய நண்பர். நகல், எல்லாப் பகுதிக்கும்.

"உங்ககிட்ட வேணாம்னு சொன்னேனா இல்லையா? எங்கப்பா வேட்டி அவுந்தத உலகம் பூரா தண்டோரா போட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு பெரிய மனுஷனா? எழுந்து வெளிய போங்க சார்!" என்று கத்தினேன். எல்லாத் திரையும் விலகி எட்டிப் பார்த்தது. வாசலில் நின்ற மனுக்காரர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து நின்றார். "பேரு போடலம்மா. ஊரு போடல. பதில் வந்திருக்குது. படிச்சிட்டுத் திட்டு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

கோபத்தோடேயே படித்தேன். உடல்நலப் பகுதியில் ஒருவர், ஏன் பேண்ட் போடக்கூடாது என்று கேட்டிருந்தார். "பணிவுடன் தெரிவிப்பது, அது பொருள் அல்ல" என்று பெறுநர் பதில் கொடுத்திருந்தார். காந்தம் தைக்கலாம், துணிக் கிளிப் போடலாம், பசை தடவலாம் என்று நிறைய யோசனைகள். கடைசியில் மீன்பிடிப் பகுதியிலிருந்து ஒன்று. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ஐயா, உங்கள் உடை எனக்குத் தெரியாது. ஆனால் குளித்துவிட்டுத் துண்டு கட்டத் தெரியும். இருபது வருடமாக எனக்கு ஒரு கைதான். துணியின் ஒரு முனையை அலமாரிக் கதவில் வைத்து மூடுங்கள். மறுமுனையை நல்ல கையால் இடுப்பில் அழுத்திப் பிடித்து, துணி விறைக்கும்வரை பின்னால் போங்கள். இப்போது துணியைச் சுற்றாதீர்கள். நீங்கள் சுற்றிக்கொண்டே அலமாரிக்கு வாருங்கள். வந்ததும் பக்கத்தில் சாய்ந்து துணியை உடம்பால் அழுத்திக்கொண்டு, கதவைத் திறந்து முனையை எடுத்து இறுக்கிச் செருகுங்கள். முதல் பத்து தடவை விழும். வீட்டிலேயே விழட்டும். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், நானும் ஒரு வருடம் வெளியே போகவில்லை."

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். உடல்நலப் பகுதியில் மட்டும் கேட்டிருந்தால் இந்த மனிதர் கண்ணில் அது பட்டிருக்கவே பட்டிருக்காது.

ரோட்டைக் கடந்து மரத்தடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என் வாயிலிருந்து வந்ததோ, "வீட்டுக்கு வர்றீங்களா சார்? எங்கப்பாகிட்ட நான் இத்த சொல்ல முடியாது" என்பது மட்டும்தான். திங்கட்கிழமை, சுற்றிலும் கூட்டம். அவர் பேனாவை மூடி மேஜையை மடித்தார். "எல்லாரும் மத்தியானமா வாங்கப்பா, அவசர மனு ஒண்ணு இருக்குது" என்றார்.

வீட்டில் பெறுநர் அப்பா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவும் நானும் வெளியே நின்றோம்.

"யாருங்க நீங்க?" இது அப்பா.

"உங்க நண்பருங்க. பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருக்குது. வேட்டிய எடுங்க."

அப்புறம் பீரோ கதவு சாத்தும் சத்தம்.

"பின்னால போங்க. இன்னும். நில்லுங்க. இப்போ நீங்க சுத்துங்க."

"விழுந்துடுவேன் சார்."

"நான் தோளப் புடிச்சிருக்கேன், வேட்டிய தொடமாட்டேன். மெதுவா."

தடால் என்று ஒரு சத்தம். "ஐயோ, என் பட்டுப்புடவை!" என்று அம்மா பதறினாள். பீரோ கதவு திறந்துகொண்டு மேல்தட்டு முழுக்க அப்பாவின் தலையில் கொட்டியிருந்தது. பிறகு அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் முதல் தடவை. அம்மா புடவையை மறந்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு வேட்டி ஒன்பது தடவை விழுந்ததாகப் பெறுநர் சொன்னார். பத்தாவது தடவை நின்றது. பட்டாப்பட்டி டிராயரோடு ஒத்திகை பார்த்தவர் வெள்ளை வேட்டியோடு கதவைத் திறந்து வெளியே வந்தார். வியர்த்துக் கொட்டியது. மடிப்பு கொஞ்சம் கோணல்தான். அம்மாவின் கை தானாக நீண்டது. நான் பிடித்துக்கொண்டேன்.

"இத்த எழுதினது யாரு சார்?" என்று அப்பா கேட்டார்.

"மீன் புடிக்கிறவரு. அதுக்கு மேல தெரியல."

"அவருக்கு நான் நன்றி சொல்லணுமே. என் சார்புல நீங்க சொல்லக்கூடாது. நானே வந்து சொல்றேன்."

மறுநாள் காலை பீரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரும் உள்ளே போகவில்லை. அப்பா தானே கட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினார். "பின்னாலயே வா, புடிக்காத" என்றார். எங்கள் வீட்டிலிருந்து சென்டருக்குப் பத்து நிமிட நடை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரேஷன் கடை வந்தபோது நான் ஒரு எட்டு நெருங்கிப் போனேன். அப்பா தலையைக் குனியாமல் நடந்தார். வரிசையில் இருந்த ஒரு அம்மா, "என்னாண்ணே, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கேட்டார். "வேலை இருந்ததும்மா" என்றார் அப்பா.

சென்டரில் பெறுநர் நாற்காலியோடு காத்திருந்தார். அப்பா சொன்னதை நான் இங்கிலீஷில் அடித்தேன். "ஐயா, நான் வெளிய வந்துட்டேன். உங்க கடைசி வரிய என் நண்பரு படிச்சிக் காட்டினாரு. அதுலதான் எனக்குத் தெம்பு வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும்." இரண்டு நாளில் பதில் வந்தது: "நாளைக்கும் போங்கள்." அப்பா போனார். தினமும் போனார். ஆறு மாதத்தில் கால் இளகிவிட்டது என்று டாக்டர் தட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் பதினோரு வருடம், சாகிறதுக்கு முந்தின வாரம் வரைக்கும், தானே கட்டின வேட்டியோடு நடந்தார். பல நாள் சாயங்காலம் பக்கத்தில் பெறுநரும் நடப்பார்.

இத்தனை வருடத்தில் அந்தத் திங்கட்கிழமை கத்தியதற்கு நான் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நேரில் பார்த்தால் வாய் வராது, வேறு எதையாவது கேட்டுவிட்டு வந்துவிடுவேன். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது, நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை அவர் மகன்தான் வாராவாரம் படித்துக் காட்டுகிறானாம். ஊர் பார்க்கத் திட்டியவள், ஊர் பார்க்கவே சொல்லிவிடுகிறேன். மன்னிச்சிடுங்க சார். எங்கப்பா நடந்தாரு சார், உங்களாலதான் நடந்தாரு.